தனியாக இருக்கும் நாய்க்குட்டி பகலெல்லாம் என்ன செய்கிறது? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

நாய்க்குட்டி வந்தாயிற்று. முதல் வாரம் ஆளுக்கு மூன்று நாள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கணவர் தரமணிக்கும் மனைவி அண்ணா சாலைக்கும் கிளம்பிவிட்டார்கள். மாலை ஆறரைக்கு வீடு திரும்பினால், பக்கத்து ஃபிளாட் மாமி மாடிப்படியிலேயே நிற்கிறார். "உங்க குட்டி நாள் பூரா ஒரே அழுகை. மத்தியானம் கண்ணை மூட முடியலை."

நாள் பூராவுமா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? இடையில் தூங்கியதா? மாமிக்கு அது சரியாக நினைவில்லை. குட்டியால் சொல்ல முடியாது. வீட்டில் இருந்திருந்தால் நீங்களே பார்த்திருக்கலாம். ஆனால் நீங்கள் இருந்தால் குட்டி அழாது!

மந்தைவெளி, மேற்கு மாம்பலம், கஸ்தூரிபா நகர் என்று தென்சென்னையில் எந்த அபார்ட்மென்டை எடுத்துக்கொண்டாலும் இந்தப் பேச்சு வழக்கமானதுதான். பெரும்பாலும் இதற்குப் பிறகு நடப்பது இதுதான்: யாரோ சொன்னார்கள் என்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்குவார்கள். இரண்டு நாள் ஆபீசிலிருந்து பார்ப்பார்கள். குட்டி அழுவது தெரியும். ஏன் என்று தெரியாது. மூன்றாவது மாதம் குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்துவிடும்.

கேமரா வாங்குவதற்கு முன், நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரை வைத்தே ஒரு நாள் முழுவதையும் பதிவு செய்து பார்த்துவிடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் பேப்பரில் போட வேண்டிய கணக்கு இது. ஒரு குட்டியால் எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்க முடியும்? கால்நடை மருத்துவர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு, குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதோடு ஒன்றைக் கூட்டுங்கள் என்பது. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு. எட்டரைக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்பினால் பத்து மணி நேரம் ஆகிறது. மூன்று மாதக் குட்டிக்கு இது நடக்காத காரியம். சாப்பாடும் அப்படித்தான். இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொடுக்க வேண்டும்.

ஸ்வீடன் நாட்டில் வீட்டுக்குள் வளரும் நாயைப் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. குட்டி என்றால் அதைவிட அடிக்கடி விட வேண்டும். நம் ஊரில் அப்படி மணிக்கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் குட்டியின் சிறுநீர்ப்பை ஸ்வீடனிலும் மயிலாப்பூரிலும் ஒரே அளவுதான்!

எனவே, குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் வரை நடுவில் இரண்டு முறையாவது ஒரு ஆள் வந்து போக வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா பதினொன்றரைக்கு வரட்டும். மூன்று மணிக்கு ஸ்கூலில் இருந்து திரும்பும் எதிர் வீட்டுப் பையனிடம் சாவி இருக்கட்டும். எந்தக் கம்ப்யூட்டரும் எந்தக் கேமராவும் இந்த ஆளுக்குப் பதிலாக வேலை செய்யாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சிறு குட்டிகள் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது உங்களையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

வயர்கள் ஜாக்கிரதை

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும். ஈறு ஊறும், கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். மவுஸ், கீபோர்டு வயர்களில் ஓடுவது 5 வோல்ட்தான். கடித்தால் மவுஸ்தான் போகும். ஆனால் மானிட்டர், சிபியூ, பிரின்டர் ஆகியவற்றின் பவர் கார்டுகளில் ஓடுவது 230 வோல்ட். குட்டியின் உயிருக்கே ஆபத்து.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். யுபிஎஸ் இருந்தால் போதாது. சுவரில் கரன்ட் நின்றவுடன் யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை மானிட்டர் கார்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். அதற்காகத்தானே அதை வாங்கியிருக்கிறீர்கள்! எனவே வெளியே போகும்போது யுபிஎஸ்ஸின் சொந்த பட்டனையும் அணைக்க வேண்டும்.

பென் டிரைவ், மெமரி கார்டு, ரிமோட்டில் போடும் பட்டன் செல் எதுவும் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ இருக்கக் கூடாது. பட்டன் செல்லை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயில் புண்ணாகிவிடும். உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அதே மேசையில் திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம்.

பதிவு செய்யக் கம்ப்யூட்டர் ஓட வேண்டுமே, என்ன செய்வது? கம்ப்யூட்டர் குட்டி இருக்கும் அறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து அறையில் ஓடட்டும், கதவைச் சாத்திவிடுங்கள். குட்டியின் குரல் கதவைத் தாண்டி வரும். மாமி வீட்டுக்கே போகிறதே!

ஒரு நாளைப் பதிவு செய்வோம்

லேப்டாப்பில் மைக்ரோஃபோன் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஹெட்செட் மைக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். வெப்கேம் இருந்தால் அதிலேயே மைக் இருக்கும்.

நமக்குத் தேவையான சாஃப்ட்வேர் ஆடாசிட்டி. இது 2000-ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் சொந்த வெப்சைட்டில் இருந்தே டவுன்லோட் செய்யுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்குகளைக் கிளிக் செய்ய வேண்டாம்.

இன்ஸ்டால் செய்து திறந்தவுடன் மேலே ஆடியோ செட்டப் என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்து ஆடியோ செட்டிங்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரு விண்டோ திறக்கும். அதில் சேனல் என்ற இடத்தில் மோனோ என்று வையுங்கள். குவாலிட்டி பகுதியில் சாம்பிள் ரேட் என்பதை 8000 என்றும், சாம்பிள் ஃபார்மட் என்பதை 16 பிட் என்றும் மாற்றி ஓகே கொடுங்கள்.

ஏன் 8000? பாட்டு சிடியில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிவு செய்வார்கள். இரண்டு சேனல், 16 பிட். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி ஆகும். பத்து மணி நேரத்துக்கு 6 ஜிபிக்கு மேல் போய்விடும். நாம் சங்கீதமா பதிவு செய்கிறோம்? பழைய டெலிபோன் பேச்சின் தரம்தான் இந்த 8000. ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிகூட ஆகாது. நாள் முழுவதும் பதிவு செய்தாலும் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். குரைப்பு, முனகல், கதவைப் பிராண்டும் சத்தம், காலிங் பெல் எல்லாம் தெளிவாகவே விழும்.

இப்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிடக் கூடாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் என்ற பகுதிக்குச் சென்று ஸ்லீப் நேரத்தை நெவர் என்று மாற்றுங்கள். லேப்டாப் மூடியை மூட வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டையும் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் அது நடுப்பகலில் தானாகவே ரீஸ்டார்ட் செய்துகொள்ளக்கூடும்.

இரண்டாவது, விண்டோஸில் மைக் சத்தத்தைச் சுத்தம் செய்யும் வசதி ஒன்று சில கம்ப்யூட்டர்களில் ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைக் கிளிக் செய்தால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று நினைத்து அது நாயின் குரலைத்தான் முதலில் வெட்டும்.

மூன்றாவது, ஆடாசிட்டியிலேயே சத்தம் வரும்போது மட்டும் பதிவு செய்யும் வசதி உண்டு. பார்த்தால் ஆசையாக இருக்கும். போடாதீர்கள். மௌனமான நேரமெல்லாம் கழிந்துபோய், குரைப்பு மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எப்போது குரைத்தது என்ற கணக்கே போய்விடும். நமக்கு மௌனமும் வேண்டும்.

கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன் சிவப்பு வட்ட பட்டனை அழுத்துங்கள். மணியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை வந்தவுடன் ஸ்டாப் கொடுத்து சேவ் செய்யுங்கள். ஃபைலுக்கு ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வைத்தால் ஃபோல்டரில் தானாகவே நாள் வரிசையில் நிற்கும்.

வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், சாவி வைத்திருப்பவர்களிடம், பதிவு நடக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் பேசுவதும் அதில் விழும். சொல்லாமல் பதிவு செய்வது சரியல்ல.

அலைகள் சொல்லும் கதை

கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்துங்கள். பத்து மணி நேரமும் ஒரே திரைக்குள் வந்துவிடும். மேலே மணிக்கணக்கு தெரியும். மௌனம் மெல்லிய கோடாகவும் குரைப்பு உயர்ந்த முட்களாகவும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டியதை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். எங்கே சந்தேகமோ அங்கே கிளிக் செய்து பிளே கொடுத்துக் கேளுங்கள்.

நீங்கள் கதவைச் சாத்தியவுடன் முட்கள் ஆரம்பித்து, பத்து இருபது நிமிடத்தில் தணிந்து, பிறகு நீண்ட கோடாகப் போகிறதா? பயப்பட வேண்டியதில்லை. இது பால்வாடியில் விட்ட குழந்தையின் அழுகை போன்றது. ஒவ்வொரு நாளும் அந்த இருபது நிமிடம் குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காலையெல்லாம் கோடு, பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் முட்கள், ஒன்றேகாலுக்கு ஒரு கூட்டம் என்று இருந்தால், அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளிக் செய்து கேளுங்கள். சிலிண்டர் வண்டி, கூரியர்காரரின் காலிங் பெல், தெரு நாய்களின் சண்டை என்று ஏதோ ஒன்று முதலில் கேட்கும். குட்டி காவல் வேலை பார்க்கிறது! வாசல் பக்க அறையிலிருந்து உள் அறைக்கு மாற்றி, ஜன்னலில் கனமான திரை போட்டாலே பாதி குறைந்துவிடும்.

மூன்றரை நான்கு மணி நேரம் கழித்து மெல்லிய முனகல், பிறகு அமைதி. தரையில் ஈரம். இது மேலே போட்ட கணக்குதான். ஆள் வரும் நேரத்தை முன்னால் தள்ளுங்கள்.

நான்காவது வகைதான் கவலைக்குரியது. நீங்கள் போன சில நிமிடங்களில் ஆரம்பித்து, மணிக்கணக்காக நிற்காமல் ஒரே தாளத்தில் ஊளை. நடுநடுவே கதவைப் பிராண்டும் சத்தம். நீங்கள் திரும்பும்போது எச்சில் வடிந்து, கதவின் அடிப்பாகம் கீறியிருக்கும். வைத்த சாப்பாடு தொடப்படாமல் இருக்கும். இது பிடிவாதமோ விளையாட்டோ இல்லை. தனிமையைக் கண்டு உண்மையான பயம். வீட்டிலேயே எல்லாரும் இருந்து வேலை பார்த்த 2020 ஊரடங்கு போன்ற காலத்தில் வளரும் குட்டிகளுக்கு வீடு காலியாகும் என்பதே தெரியாமல் இருக்கும். திடீரென்று ஒரு நாள் பத்து மணி நேரம் தனியாக விட்டால் அவை திகைத்துப்போவதில் வியப்பில்லை.

இதற்கு மருந்து பயிற்சிதான். வெளியே போய்க் கதவைச் சாத்தி, குட்டி அழ ஆரம்பிப்பதற்கு முன்பே திரும்பி வர வேண்டும். முதலில் பத்து விநாடி. பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். சாவி எடுப்பது, செருப்பு மாட்டுவது இவற்றைப் பார்த்தே சில குட்டிகள் நடுங்க ஆரம்பிக்கும். அவற்றையும் சும்மா செய்து காட்டிவிட்டு மீண்டும் சோபாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். போகும்போது கொஞ்சுவதும் வந்தவுடன் ஆர்ப்பாட்டம் செய்வதும் வேண்டாம். உள்ளே சாப்பாடு அடைத்த ரப்பர் பொம்மையை நீங்கள் கிளம்பும்போது மட்டும் கொடுங்கள். இதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் ஆபீஸ் போக வேண்டுமென்றால் அந்த நாட்களில் அம்மா வீட்டிலோ, பகலில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்திலோ விடுவதுதான் வழி.

இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் அந்தப் பதிவோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்கு நகரம் முழுவதிலிருந்தும் நாய்கள் வருகின்றன. "நாள் பூரா அழுகிறது டாக்டர்" என்று சொல்வதைவிட, எட்டு நாற்பதிலிருந்து பதினொன்று வரை நிற்காமல் ஊளையிட்டது என்று அலையைக் காட்டினால் அவருக்கு வேலை சுலபம்.

அந்த நான்கில் எந்த வகையாக இருந்தாலும், மாலையில் வந்து அடிப்பதோ திட்டுவதோ வேண்டாம். "தப்பு செய்தது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதையே 2009-ல் சோதித்துப் பார்த்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் சம்பந்தமில்லை. எஜமானர் திட்டினால் தப்பே செய்யாத நாயும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டது. காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணைக்கு மாலை ஏழு மணிக்குத் திட்டு வாங்கினால், அதற்கு விளங்குவது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் வீட்டுக்கு வருவது பயமான விஷயம்.

இனி கேமரா

ஒரு இடத்துக்குப் போகாமலேயே அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் வெப்கேம் என்பதே பிறந்தது. 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில், காபிப் பாத்திரம் இருந்த அறைக்கு மாடி ஏறி வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128 x 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளைப் படம். 1993-ல் அது இன்டர்நெட்டில் ஏறி உலகப் புகழ் பெற்றது. 2001 ஆகஸ்ட் 22 அன்று அணைக்கும்வரை காபி இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

உங்களுக்கும் அவ்வளவுதான் தேவை. குட்டி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது. அதற்குப் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றே போதும். ஆல்ஃபிரட் கேமரா போன்ற ஒரு ஆப்பைப் பழைய போனிலும் புதிய போனிலும் இன்ஸ்டால் செய்து, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் ஒன்று கேமராவாகவும் மற்றது டிவியாகவும் வேலை செய்யும். போனை உயரத்தில், ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். பேட்டரி உப்பியிருக்கும் போனை நாள் முழுவதும் சார்ஜரில் போட்டு வைக்க வேண்டாம்.

சிலர் வீடியோ காலையே திறந்துவைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்கைப் இருந்த காலத்தில் இது எளிதாக இருந்தது. தானாகவே காலை எடுக்கும் வசதி அதில் உண்டு. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஜூம், கூகுள் மீட் இரண்டிலும் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறது. மீட்டிங்கில் நாய் குரைத்தால் மற்றவர்களுக்குக் கேட்காமல் இருப்பதற்காகவே செய்தது. அதை ஆஃப் செய்யாவிட்டால், திரையில் குட்டி வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு சத்தமும் வராது!

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரண வீடியோவுக்கு ஒரு மணி நேரத்தில் 450 எம்பி ஆகும். நாளைக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பிளானில் மூன்றரை மணி நேரம்கூடப் பார்க்க முடியாது. பத்து நிமிடம் பார்த்தால் 75 எம்பிதான். வேலையையும் பார்க்க வேண்டுமே!

சென்னையில் மிக முக்கியமானது இதுதான். மதியம் திடீரென்று படம் நின்றுவிட்டால் நெட் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். மே மாதத்தில் அப்படி விடாதீர்கள். ரவுட்டர் அணைந்திருக்கிறது என்றால் வீட்டில் கரன்ட் இல்லாமல் இருக்கலாம். கரன்ட் இல்லையென்றால் ஃபேனும் ஓடவில்லை. வெளியே 38 டிகிரி, மூடிய ஃபிளாட், மொட்டை மாடிக்கு அடுத்த தளம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களால் அதுவும் சரியாக முடியாது. எனவே படம் நின்றால் உடனே சாவி வைத்திருப்பவருக்குப் போன் செய்யுங்கள். இன்வெர்டர் இருந்தால் குட்டி இருக்கும் அறையின் ஃபேனை அதில் இணைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரவுட்டர் அதற்குப் பிறகுதான்.

கேமராவில் ஸ்பீக்கர் இருந்தால் ஆபீசிலிருந்தே பேசலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பழைய ஹெச்எம்வி இசைத்தட்டுகளில் கிராமஃபோன் குழாய் முன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயை நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் பல குட்டிகள் குரல் வரும், ஆள் வரமாட்டார் என்பதில் குழம்பி, வீடு முழுக்க உங்களைத் தேடி மீண்டும் அழ ஆரம்பிக்கும். ஒரு முறை சோதித்துப் பாருங்கள். குட்டி அமைதியானால் சரி. தேட ஆரம்பித்தால் அந்த பட்டனை மறந்துவிடுங்கள்.

புது கேமரா வாங்கினால் முதல் வேலை, அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. 2016-ல் மிராய் என்ற புரோகிராம், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுவதும் தேடிப் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது சுமார் 60 பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டே தாக்குதல் நடத்தி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். குட்டியைப் பார்க்க வைத்த கேமரா, வீடு காலியாக இருக்கிறது என்பதை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. படுக்கையறைப் பக்கம் அதைத் திருப்பவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் அணைத்துவிடுங்கள்.

மாமிக்கு என்ன பதில்?

அலைகளைக் காட்டுங்கள். "காலையில் இருபது நிமிடம், மதியம் பத்து நிமிடம், திரை போட்டிருக்கிறோம், அடுத்த வாரம் குறையும்" என்று கணக்கோடு சொன்னால் பேச்சின் தொனியே மாறும். குறைந்த வாரத்துப் பதிவையும் மறக்காமல் காட்டுங்கள்.

அசோசியேஷன் கூட்டத்தில் நாயே கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சொல்லலாம். நாய் வளர்ப்பதை அசோசியேஷன் தடை செய்ய முடியாது என்கிறது அது. அதே வழிகாட்டுதல், நாயின் சத்தம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாதபடி உரிமையாளர் முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துக்காட்டுவது நியாயமில்லை.

அந்த வாரியத்துக்கும் அடையாறுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சிதான் 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. 1962-ல் வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவைப் படித்துப் பார்த்தால் நம் விஷயமே இருக்கிறது. நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தேவையான நடை, ஓட்டம் தராமல் இருப்பதும் வதை என்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் எழுதிய அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு ஆபீஸ் போவது அந்தச் சட்டத்தின் கண்ணில் என்ன என்பது தெளிவு.

கதவு திறந்து ஓடிவிட்டால்?

நடுவில் ஒருவர் வந்து போகிறார் என்றால் கதவு ஒரு முறை கூடுதலாகத் திறக்கிறது என்று பொருள். குட்டி காலிடுக்கில் புகுந்து படியிறங்கி லஸ் கார்னர் டிராஃபிக்கில் போய் நிற்க ஒரு நிமிடம் போதும். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. பலரும் இதைப் போன் போல இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

அரிசி மணி அளவே உள்ள இந்த சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் வைப்பார்கள். அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவந்தால், ஸ்கேனர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்றுத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். மெட்ரோ ரயில் கார்டை வாசலில் காட்டுவது போலத்தான். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரும் போன் நம்பரும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தால்தான் யாராவது உங்களைக் கூப்பிட முடியும். புது சிம் வாங்கி நம்பர் மாறினால் பேங்க், கேஸ் என்று மாற்றும் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் தெருவில் போகிறவர்களிடம் இருக்காது என்பதால், கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடும் இருக்கட்டும்.